பேங்க் தளம் அசலா, போலியா: என் கடையில் நான் சொல்லித்தருவது

அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பான் கார்டு, பரீட்சை விண்ணப்பம், கரண்ட் பில் என்று எல்லா வேலையும் உண்டு. இப்போதெல்லாம் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. போனை நீட்டி, "இந்த லிங்க் பேங்க்ல இருந்துதான் வந்திருக்கா, பாரும்மா" என்கிறார்கள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பக்கத்து சீட்டுக் காலேஜ் பையன் எட்டிப் பார்த்து, "பூட்டு இருக்குல்லக்கா, சேஃப்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவான்.

பிரவுசரில் முகவரி தெரியும் பட்டையான அட்ரஸ் பாரில் இருக்கிற அந்தப் பூட்டுப் படத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

பூட்டுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்

அட்ரஸ் பாரில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய சர்வருக்கும் உங்கள் மெஷினுக்கும் நடுவே போகிற தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது. பூட்டு சொல்வது அவ்வளவுதான். அந்தப் பெயரை வாங்கி வைத்திருப்பவர் யார், யோக்கியரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திருடனும் கடைக்குப் போய் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கலாம், யார் தடுப்பது?

விலை கொடுக்கக்கூட வேண்டாம். பூட்டு விழ ஒரு தளத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதை இலவசமாகக் கொடுக்கும் 'லெட்ஸ் என்கிரிப்ட்' சேவை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் கையில் இருக்கிறது என்று நிரூபித்தால் சில நிமிடங்களில் சான்றிதழ் இலவசம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது வந்திராவிட்டால் சின்னச் சின்னத் தளங்கள் பாதி இன்னும் திறந்த மேனியாகத்தான் கிடந்திருக்கும்.

கூகுள் 2021-இல் நடத்திய ஆய்வில், பூட்டுக்கு என்ன பொருள் என்று சரியாகச் சொன்னவர்கள் வெறும் 11 சதவீதம். அதனால்தான் 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117-இல் பூட்டையே எடுத்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு வட்டமுமாக ஒரு செட்டிங் படத்தை வைத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸ் அப்போது பூட்டை எடுக்கவில்லை. "குரோம்ல பூட்டைக் காணோம், வைரஸா?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. வைரஸ் இல்லை, நிம்மதியாக இருங்கள்.

ஆக, பார்க்க வேண்டியது பெயரை. பெயரிலும் இரண்டு விதமாக ஏமாறலாம். பிரவுசர் பெயரைச் சரியாகக் காட்டியும் நாம் தப்பாகப் படிப்பது ஒன்று. பிரவுசரே தப்பாகக் காட்டுவது இன்னொன்று. இரண்டாவதற்கு நம் கவனம் மட்டும் போதாது. அதற்குத்தான் கீழே சொல்லும் செட்டிங்குகள்.

ஒரே முகம், வேறு எழுத்து

தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். 'ர' என்ற எழுத்தையும் துணைக்காலையும் பல எழுத்துருக்களில் பிரித்தே சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும் பட்டியல் யூனிகோட். அதில் ரகரத்தின் எண் 2992, துணைக்காலின் எண் 3006. 'க' என்ற எழுத்து 2965. தமிழ் எண் ஒன்று, '௧', அதன் எண் 3047. நமக்கு ஒரே உருவம். மெஷினுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழியின் சிரில்லிக் எழுத்துக்கும் இதே கதை. ஆங்கிலச் சின்ன 'ஏ'யின் எண் 97. அச்சு அசலாக அதே உருவத்தில் இருக்கும் சிரில்லிக் எழுத்தின் எண் 1072. ஒரு பேங்க் பெயரில் 97 இருக்க வேண்டிய இடத்தில் 1072-ஐ வைத்து டொமைன் வாங்கினால் அது தனி முகவரி, தனிச் சொந்தக்காரர், தனிச் சான்றிதழ். கண்ணாடி போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

இது புது விஷயமும் இல்லை. 2002-லேயே இஸ்ரேலின் டெக்னியன் ஆய்வாளர்கள் எவ்கெனி கப்ரிலோவிச், அலெக்ஸ் கோண்ட்மாகர் இருவரும் சிரில்லிக் எழுத்து கலந்த 'மைக்ரோசாஃப்ட்.காம்' ஒன்றைப் பதிவு செய்தே காட்டினார்கள். 2005 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஷ்மூ என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் குழு, பணம் அனுப்பும் தளமான 'பேபால்' பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, பூட்டும் போட்டு, ஃபயர்ஃபாக்ஸ், ஓபரா, சஃபாரி மூன்றையும் ஏமாற்றியது. அன்றைக்கு எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் தப்பித்தது. கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, வேற்று எழுத்து டொமைன்களையே அதற்குப் படிக்கத் தெரியாது.

அதற்குப் பிறகு பிரவுசர்காரர்கள் விதிகளை இறுக்கினார்கள். ஒரே பெயரில் இரண்டு மொழி எழுத்து கலந்திருந்தால் அதை அழகாகக் காட்டாமல் 'ப்யூனிகோட்' என்ற கச்சா வடிவத்தில் காட்டுவார்கள். எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கி, பிறகு எழுத்தும் எண்ணுமாகக் கிறுக்கியது போல இருக்கும். பார்த்தாலே விலகிவிடலாம்.

2017-இல் ஷுடோங் ஜெங் என்ற ஆய்வாளர் அந்த விதியில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார். கலந்தால்தானே மாட்டுவோம்? மொத்தப் பெயரையும் சிரில்லிக்கிலேயே எழுதிவிட்டால்? 'ஆப்பிள்.காம்' என்பதன் ஐந்து எழுத்துக்கும் அதே முகத்தில் சிரில்லிக் எழுத்து கிடைத்தது. 'எல்' மட்டும் ரஷ்ய மொழியில் இல்லை. செச்சென் போன்ற காகசஸ் மொழிகள் எழுதப் பயன்படும் ஓர் எழுத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஓபரா மூன்றும் பூட்டோடு 'ஆப்பிள்.காம்' என்றே காட்டின. ஜனவரியில் கூகுளுக்கும் மொசில்லாவுக்கும் தகவல் சொல்லிவிட்டு ஏப்ரல் 14-ஆம் தேதி விஷயத்தை வெளியிட்டார். அதே மாதம் வந்த குரோம் 58-இல் அடைத்தார்கள்.

மொசில்லா அன்று மாற்ற மறுத்துவிட்டது. எந்த மொழி எழுத்தையும் இரண்டாம் தரமாக நடத்த மாட்டோம், இப்படிப்பட்ட பெயர்களை விற்காமல் தடுப்பது டொமைன் பதிவாளர்களின் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் இருக்கும்போது இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் என் கடை மெஷின்களில் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். நியாயம் வேறு, கல்லாப்பெட்டி வேறு.

உட்கார்ந்து மாற்ற வேண்டியவை

ஃபயர்ஃபாக்ஸ், கம்ப்யூட்டரில்: அட்ரஸ் பாரில் 'அபவுட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'கான்ஃபிக்' என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். ஜாக்கிரதை என்று ஒரு எச்சரிக்கை வரும். ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள். தேடும் பெட்டியில் பி, யு, என், ஒய், சி, ஓ, டி, இ என்று அடித்தால் 'ஐடிஎன் ஷோ ப்யூனிகோட்' என்று முடியும் வரி வரும். அதில் 'ஃபால்ஸ்' என்றிருக்கும். வரியை இருமுறை க்ளிக் செய்தால் 'ட்ரூ' ஆகிவிடும். வேறு எதையும் தொடாமல் வெளியே வாருங்கள். இனிமேல் வேற்று எழுத்தில் உள்ள எந்த முகவரியும் கச்சா வடிவத்தில்தான் தெரியும். தமிழ் முகவரியும் அப்படித்தான் தெரியும், அது இதற்குக் கொடுக்கும் விலை.

குரோம், கம்ப்யூட்டரில்: அட்ரஸ் பாரில் ரைட் க்ளிக் செய்யுங்கள். முழு முகவரியையும் எப்போதும் காட்டு என்று பொருள்படும் வரி கீழே இருக்கும், அதை டிக் செய்யுங்கள். குரோம் வழக்கமாக முன்பகுதியை மறைத்து, சுருக்கித்தான் காட்டும். முழுதாகத் தெரிந்தால் கண் பழகும்.

சந்தேகம் வந்த தளத்தில் இன்னொன்றும் செய்யலாம். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் படத்தைத் தொட்டு, இணைப்பு பாதுகாப்பானது என்ற வரிக்குள் போய், சான்றிதழைத் திறந்து பாருங்கள். சான்றிதழுக்குள் பெயர் எப்போதும் கச்சா வடிவத்தில்தான் பதிவாகியிருக்கும். அட்ரஸ் பாரில் அழகான ஆங்கிலப் பெயர், சான்றிதழில் எக்ஸ், என், இரண்டு கோடு என்றால் ஜன்னலை மூடிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

முகவரியை எங்கிருந்து படிப்பது

நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஏமாற்றுகிறவன் அதை நம்பித்தான் முகவரியை எழுதுகிறான். ஆங்கிலத்தில் இருப்பதை இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

நம்மபேங்க்.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.காம்/லாகின்

தொடக்கத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டை விடுங்கள். அதற்கடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் போங்கள்: காம், அதற்கு முன்னால் கேஒய்சி-அப்டேட். சொந்தக்காரர் அவர்தான். அதற்கும் இடப்பக்கம் இருப்பது எல்லாம் அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்ட அலங்காரம். பேங்க் பெயரை என்ன, ரிசர்வ் வங்கி பெயரையே எழுதலாம்.

ரிசர்வ் வங்கி என்றதும் ஒன்று. நம் நாட்டு பேங்க்குகள் எல்லாம் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்து, அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தார்கள். அந்த முடிவுடன் பெயர் கொடுக்கும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டும். வாங்க முடிவது பேங்க்குகளுக்கு மட்டும். வயதானவர்களுக்கு நான் சொல்வது இப்போது ரொம்பச் சுருக்கமாகிவிட்டது: "அந்த ஒத்தைச் சாய்கோட்டுக்கு முன்னாடி பேங்க், புள்ளி, இன். அது இல்லன்னா எதையும் அடிக்காதீங்க, தாத்தா." மேலே காட்டிய முகவரியில் அது நடுவில் இருக்கிறது, கடைசியில் இல்லை, கவனித்தீர்களா?

@ குறி வந்தால் அதற்கு வலப்பக்கம்தான் உண்மையான முகவரி. இதை வைத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு பெரிய ஓட்டை 2003 டிசம்பரில் வெளியானது. குறிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால், அட்ரஸ் பாரில் அதற்குப் பின்னால் இருப்பது மறைந்துபோகும். பேங்க் பெயர் மட்டும் நிற்கும். 2004 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அந்த வகை முகவரியையே ஏற்காதபடி செய்து அடைத்தது. இன்றைக்கு மெசேஜில் வரும் லிங்க்கில் @ தெரிந்தால் அதைத் தொட வேண்டிய காரணம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' போலத் தெரியும். பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் மெசேஜில் ஒன்றுபோல இருக்கும். அட்ரஸ் பாருக்கு வந்ததும் பெயர் சின்ன எழுத்தாக மாறிவிடுவதால் 'ஐ' தன் புள்ளியோடு மாட்டிக்கொள்ளும்.

போனில் இன்னும் மோசம்

திரை சின்னது, முகவரி பாதிதான் தெரியும். அதிலும் வாட்ஸ்அப் மாதிரி, மெயில் மாதிரி ஆப்புக்குள் லிங்க்கைத் தொட்டால் சில சமயம் அந்த ஆப்புக்குள்ளேயே பக்கம் திறந்துவிடும். மூன்று புள்ளியைத் தொட்டு பிரவுசரில் திறந்துகொள்ளுங்கள்.

குரோமில் கீழே தள்ளிக்கொண்டு போகும்போது இடம் மிச்சம் பிடிக்க அட்ரஸ் பார் மறைந்துவிடும். 2019 ஏப்ரலில் ஜிம் ஃபிஷர் என்பவர், மறைந்த இடத்தில் பக்கமே ஒரு போலி அட்ரஸ் பாரை வரைந்து, உண்மையானது திரும்பி வராதபடி பிடித்தும் வைக்கலாம் என்று செய்து காட்டினார். பூட்டோடு ஒரு பேங்க் பெயர் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சந்தேகம் வந்தால் போன் திரையை அணைத்து, மறுபடி திறந்து பாருங்கள். உண்மையான பார் மேலே வந்துவிடும், போலி அதற்குக் கீழே அசடு வழிய நிற்கும்.

ஐபோன்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2018-இல் பாகிஸ்தானைச் சேர்ந்த ரஃபே பலோச், பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போதே முகவரியை மாற்றிவிட்டு உள்ளே வேறு பக்கத்தைக் காட்டும் ஓட்டையை மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரிலும் ஐபோனோடு வரும் சஃபாரியிலும் கண்டுபிடித்தார். பார் சொல்வது ஒன்று, பக்கம் வேறொன்று. இதை எந்தக் கண்ணும் பிடிக்காது. அப்டேட் மட்டும்தான் வழி.

ஜன்னலுக்குள் வரைந்த ஜன்னல்

'கூகுள் கணக்கு மூலம் உள்ளே வரவும்' என்று தொட்டால் குட்டி ஜன்னல் ஒன்று திறக்குமே, அதை முழுக்க முழுக்கப் படமாகவே வரையலாம். அட்ரஸ் பார், பூட்டு, மூடும் பெருக்கல் குறி எல்லாமே படம். 2022 மார்ச்சில் 'மிஸ்டர் டாக்ஸ்' என்ற புனைபெயர்க்காரர் இதற்கு மாதிரியே வெளியிட்டார். கண்டுபிடிப்பது சுலபம்: குட்டி ஜன்னலைப் பிடித்து, பெரிய ஜன்னலின் ஓரத்தைத் தாண்டி வெளியே இழுங்கள். உண்மையானது வெளியே வரும். படம் ஓரத்தோடு நின்றுவிடும். போனில் இந்தச் சோதனை நடக்காது.

எண்ணைப் பார்க்கிறவனிடம் வேலையைக் கொடுங்கள்

இவ்வளவும் சொன்னேன். ஆனால் அவசரத்தில், வெயிலில், பஸ்ஸில் நின்றுகொண்டு யார் இதையெல்லாம் பார்ப்பார்கள்? கண்ணை நம்பிச் செய்கிற பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. நான் உண்மையில் நம்புவது பாஸ்வேர்ட் மேனேஜரை, அதாவது பாஸ்வேர்டைச் சேமித்து வைத்து, அந்தத் தளத்துக்குப் போனதும் தானாக நிரப்பும் வசதியை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஐபோன் எல்லாவற்றிலும் கூடவே வருகிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

அது எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. சேமித்தபோது இருந்த டொமைனும் இப்போது இருக்கும் டொமைனும் எண்ணுக்கு எண் ஒன்றா என்றுதான் ஒப்பிடும். 97-க்குப் பதில் 1072 என்றால் அது வாயைத் திறக்காது. பெயரும் பாஸ்வேர்டும் தானாக விழாது. ஜெங் காட்டிய போலி ஆப்பிளிடம் மனிதர்கள் ஏமாறுவார்கள், இது ஏமாறாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அது சும்மா இருந்தால் நம் ஆட்கள் "கெட்டுப்போச்சு போல" என்று சேமித்ததைத் தேடி எடுத்து, கையால் ஒட்டிவிடுகிறார்கள். காவல்காரன் கதவைத் திறக்காதபோது நாமே சுவரேறிக் குதிப்பது. அது விழவில்லை என்றால் முதலில் கையை எடுங்கள். முகவரியை மேலே சொன்ன மாதிரி வலமிருந்து படியுங்கள்.

விழாமல் இருப்பதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு. உங்கள் பேங்க் பழைய முகவரியை விட்டு 'பேங்க்.இன்'னுக்கு மாறியிருந்தால் மேனேஜருக்கு அது புது ஆள்தான். அப்போது மெசேஜில் வந்த லிங்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேங்க்கின் ஆப்பில் போட்டிருக்கும் முகவரியைப் பாருங்கள், அல்லது கிளையில் கேளுங்கள். அதை நீங்களே அடித்து உள்ளே போய், புதிதாகச் சேமித்து, புக்மார்க்கும் போட்டுவிடுங்கள். கூகுளில் பேங்க் பெயரைத் தேடி முதலில் வருவதைத் தொடுகிற பழக்கமும் வேண்டாம். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம்.

"ஓடிபி இருக்கே, பாஸ்வேர்ட் போனா என்ன?" என்பார்கள். போலித் தளம் நீங்கள் அடிக்கிற ஓடிபியை அதே நொடியில் அசல் தளத்தில் அடித்துவிடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனோ கம்ப்யூட்டரோ வைத்திருக்கும் சாவிதான் பாஸ்கீ. அதைக் கொடுக்கும் தளங்களில் வாங்கிக்கொள்ளுங்கள். அது டொமைனோடு கட்டுப்பட்டது, வேறு டொமைனில் வேலையே செய்யாது.

என் கடை மாதிரிப் பொது இடத்தில் பாஸ்வேர்டைச் சேமிக்கவே கூடாது. குரோமில் கெஸ்ட் ஜன்னல் திறந்துதான் உட்கார வைக்கிறேன், மூடினால் எல்லாம் அழிந்துவிடும். அப்படியும் பேங்க் வேலையை உங்கள் போனிலேயே செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். அரை மணி நேரக் காசு போகும், போகட்டும்.

அப்டேட்

பிரவுசர் மட்டும் போதாது, விண்டோஸும் வேண்டும். 2020 ஜனவரியில் விண்டோஸ் 10-இல் சான்றிதழைச் சரிபார்க்கும் பகுதியிலேயே ஓட்டை இருந்தது தெரியவந்தது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையே மைக்ரோசாஃப்டிடம் சொன்ன ஓட்டை. 'கர்வ்பால்' என்று பெயர் வைத்தார்கள். அதை வைத்து ஏமாற்றுகிறவன் தானே தயாரித்த சான்றிதழை நம்பகமானவர் கொடுத்தது போலக் காட்டலாம். எழுத்து மாற்ற வேண்டாம், படம் வரைய வேண்டாம், உண்மையான பெயரிலேயே பூட்டு விழும். குரோமும் எட்ஜும் விண்டோஸைக் கேட்டுச் சரிபார்த்ததால் மாட்டின. ஃபயர்ஃபாக்ஸ் தானே சரிபார்ப்பதால் மாட்டவில்லை. ஜனவரி 14-ஆம் தேதி அப்டேட் வந்தது. நெட் தீர்ந்துவிடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்கள் அதற்குப் பிறகும் திறந்த கதவோடு இருந்தார்கள்.

விண்டோஸ் 7 வைத்திருக்கிறீர்களா? உங்கள் குரோம் 109-இலேயே நின்றுவிட்டது. அந்த மெஷினில் சினிமா பாருங்கள், பில் அடியுங்கள், பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

அடித்த பிறகு தெரிந்தால்

பேங்க் கஸ்டமர் கேர் எண்ணை கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுத்து உடனே கூப்பிட்டு, கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. பாஸ்வேர்டை வேறு மெஷினிலிருந்து மாற்றுங்கள். அதே பாஸ்வேர்ட் மெயிலுக்கும் இருந்தால் மெயிலை முதலில் மாற்றுங்கள். வந்த மெசேஜை கோபத்தில் அழித்துவிடாதீர்கள். முகவரி முழுதாகத் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பணம் போன நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுதும்போது அவர்கள் முதலில் கேட்பது அவைதான்.